திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும்

மார்கழித் திங்களில் முழுநிலவை ஒட்டி வரும் திருவாதிரை, சிவபெருமானுக்கு உரிய நன்னாளாகப் போற்றப்படுகிறது. தில்லையில் அன்று நிகழும் ஆருத்ரா தரிசனத்தைக் காணப் பல பகுதிகளிலிருந்தும் அன்பர்கள் திரள்கின்றனர். திருவாலங்காடு, மதுரை, திருநெல்வேலி, திருக்குற்றாலம் ஆகிய ஏனைய சபைத் தலங்களிலும், உத்தரகோசமங்கையிலும், ஊர்தோறும் உள்ள சிவாலயங்களிலும் ஆடவல்லானுக்குத் திருமுழுக்கும் அலங்காரமும் சிறப்புற நடைபெறுகின்றன. தரிசனம் முடிந்து வெளியே வரும் அன்பரின் கையில் வாழையிலைத் துண்டிலோ தொன்னையிலோ ஒரு பிடி களி வந்து சேர்கிறது. வீடுகளில் அந்தக் களிக்குத் துணையாக மற்றொன்றும் உண்டு. பல காய்களும் கிழங்குகளும் பயறும் பருப்பும் ஒரே கலத்தில் வெந்து குழைந்து வரும் கூட்டு அது. ஏழுகறிக் கூட்டு என்றும், தஞ்சைப் பகுதியில் ஏழுதான் குழம்பு என்றும், திருநெல்வேலிப் பக்கம் தாளகம் என்றும் அதனை வழங்குவர்.

களியின் வரலாற்றைப் பலரும் அறிவர். கூட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாலும் தயிரும் நெய்யும் கூடத் தவிர்த்து, நிலத்தில் விளைந்தவற்றை மட்டுமே கொள்ளும் உணவுமுறையை இந்நாளில் வீகன் என்றும், தமிழில் நனிசைவம் என்றும் கூறுகின்றனர். அதனைப் புதிதாக மேற்கொள்வோர் எதைச் சமைப்பது என்று தேடி அலைவதும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை நம் வீட்டு அடுப்பில் ஏறும் இந்தக் கூட்டில் ஒரு துளி பாலோ நெய்யோ கிடையாது. பகல் முழுதும் நோன்பிருந்த வயிற்றுக்கு இதமாகவும், மார்கழிக் குளிருக்குச் சூடாகவும், உண்டபின் நெடுநேரம் பசி தாங்குவதாகவும் அமைந்த உணவு இது.

சேந்தனார் இட்ட அமுது

காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகராக விளங்கிய பட்டினத்தார் துறவு பூண்டபோது, அவருடைய கணக்கராக இருந்தவர் சேந்தனார். தலைவரின் விருப்பப்படி கருவூலச் செல்வத்தை எல்லாம் வறியவர்க்கு வாரி வழங்கியதால் அரசனின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டார் என்றும், விடுபட்ட பின் தில்லையை அடைந்து விறகு விற்று வாழ்ந்தார் என்றும் வரலாறு கூறுகிறது. நாள்தோறும் ஓர் அடியவருக்கேனும் அமுது படைத்த பின்னரே தாம் உண்பது அவர் கொண்ட நியமம்.

ஒருநாள் விடாமழை. விறகு நனைந்தது; வாங்குவார் இல்லை. வீட்டில் எஞ்சியிருந்தது சிறிது அரிசி மாவு. அதனைக் களியாகக் கிளறி வைத்துக்கொண்டு, அடியவர் எவரேனும் வருவாரா என்று கணவனும் மனைவியும் வாயிலை நோக்கிக் காத்திருந்தனர். மழையில் நனைந்தபடி முதிய அடியவர் ஒருவர் வந்தார். களியை உவந்து உண்டார். எஞ்சியதையும் மறுவேளைக்கு வேண்டும் என்று கேட்டுத் துணியில் முடிந்துகொண்டு போனார். மறுநாள் தில்லைப் பொன்னம்பலத்தைத் திறந்தவர்கள், கருவறை எங்கும் களி சிதறிக் கிடக்கக் கண்டு திகைத்தனர். அத்திருவாதிரைத் திருநாளில் மழைச் சேற்றில் அழுந்தி நகராது நின்ற தேர், இறைவன் ஆணைப்படி சேந்தனார் திருப்பல்லாண்டு பாட நகர்ந்தது என்பது செவிவழி வந்த செய்தி. 13 பாடல்கள் கொண்ட அத்திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. திருவீழிமிழலை, திருவாவடுதுறை, திருவிடைக்கழி ஆகிய தலங்களின்மீது சேந்தனார் அருளிய திருவிசைப்பாப் பதிகங்களும் அதே திருமுறையில் உள்ளன. பட்டினத்தாரின் கணக்கரும் திருமுறை ஆசிரியரும் ஒருவர்தாமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று. சேந்தனார் வீட்டில் அன்று இருந்தது ஒருவேளைக்கான மாவு. தம் பசிக்கே போதாத அதனைக் கிளறிய பின்னும் அவர் உண்ணத் தொடங்கவில்லை. வாயிலைப் பார்த்து நின்றார். களியோடு கூட்டும் படைக்கும் வழக்கத்துக்கு வீடுகளில் ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. களிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டுமென்று, அக்கம்பக்கத்தில் கிடைத்த காய்களையும் கிழங்குகளையும் சேர்த்து ஒன்றாக வேகவைத்தார் அந்த அம்மையார் என்பர். திருமுறை இதனைக் கூறவில்லை. அடுக்களையில் பாட்டிமார் சொல்லி வந்தது. எனினும் கூட்டின் இயல்புக்கு இது மிகவும் பொருந்துகிறது. எந்தக் காயும் அரைக்கிலோ வாங்கும் நிலையில் இல்லாத வீட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி சேர்ந்து ஒரு கலம் நிறைந்த உணவு இது.

மார்கழி தரும் காய்கள்

ஏழு என்னும் எண் பெயரில் இருப்பினும், ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படையில் எத்தனை காய்கள் வேண்டுமாயினும் சேர்க்கலாம் என்பதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். பரங்கி, வெண்பூசணி, வாழைக்காய், அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, சேனை ஆகிய ஏழும் பல வீடுகளில் இடம்பெறுவன. கத்தரி, கொத்தவரை, சேப்பங்கிழங்கு, முருங்கை முதலியன இடத்துக்கு ஏற்ப வரும். நெல்லைச் சீமையில் சிறுகிழங்கு இன்றித் தாளகம் இல்லை என்பாரும் உண்டு. அக்கிழங்கின் தோலைச் சீவத் தொடங்கினால் பொழுது போய்விடும். கோணிப்பையில் இட்டுத் தரையில் தேய்த்தால் தோல் தானே உரியும். வெங்காயமும் பூண்டும் நோன்புச் சமையலில் சேர்வதில்லை. வெண்டைக்காயைப் பலர் விலக்குவது அதன் கொழகொழப்புப் பற்றியே.

இக்காய்கள் இந்நாளுக்கு உரியனவாக அமைந்ததற்குப் பருவமே காரணம். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய அவரைக் கொடி எவ்வளவுதான் தழைத்துப் பந்தலை மூடினாலும் உடனே பூப்பதில்லை. நாட்டு அவரையும் மொச்சையும் ஒரே பயிரினத்தைச் சேர்ந்தவை. பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் அவை பூவெடுக்கும். ஆகவே பனிக்காலத்தில் காய் குலுங்கும். மழைக்குப் பின் கிழங்குகளும் வெட்டத் தயாராகும். திருவாதிரையிலும் அடுத்து வரும் பொங்கலிலும் ஏறத்தாழ ஒரே காய்கள் இலைக்கு வருவது இதனால்தான். இன்று எல்லாக் காயும் எல்லாக் காலத்திலும் கிடைக்கின்றன என்றாலும், மார்கழியில் வாங்கிய பச்சை மொச்சையின் மணம் மற்றக் காலத்தில் இல்லை.

நாட்டுக் காய்களை மட்டுமே சேர்க்கவேண்டும். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் போன்றவை ஆகா என்று சில வீடுகளில் கண்டிப்பு உண்டு. மரபைப் போற்றும் நோக்கில் அது நன்றே. ஆனால் பரங்கி என்னும் பெயரே அக்காய் கடல் கடந்து வந்ததைச் சொல்லிவிடுகிறது. சர்க்கரைவள்ளியும், கூட்டுக்குக் காரம் தரும் மிளகாயும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அதற்கு முன் நம் அடுக்களைகளில் காரம் என்றால் மிளகுதான். வந்த காய் நம் மண்ணில் காய்த்து, நம் அடுப்பில் வெந்து, தலைமுறைகள் கடந்ததும் நாட்டுக் காய் ஆகிவிட்டது. எனவே சேனை கிடைக்காத ஊரில் வாழும் அன்பர் ஓர் உருளைக்கிழங்கைச் சேர்த்துவிட்டு மனம் கலங்க வேண்டியதில்லை.

களி செய்யும் முறை

களிக்குப் பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 300 கிராம், தேங்காய் அரை மூடி, ஏலக்காய் நான்கு போதும். அரிசியையும் பருப்பையும் தனித்தனியே வாணலியில் எண்ணெயின்றி வறுக்கவேண்டும். அரிசி பொரியும் பதத்துக்குச் சற்று முன்னதாக, செம்மை ஏறி மணம் எழும்போது இறக்குதல் நன்று. ஆறியபின் ரவைபோல் உடைத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு நீர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அந்நீரையும் கணக்கில் சேர்த்துக் கொதிக்கவிட்டு, தேங்காய்த் துருவலைப் போட்டு, ரவையைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறவேண்டும். பின்னர் தீயைத் தணித்து மூடிவிடவேண்டும். கரண்டியை ஓயாது சுழற்றினால் களி பசையாகிவிடும். மூடிய கலத்தின் ஆவியில் ஒவ்வொரு குறுணையும் தனித்து மலர்ந்து, தொட்டால் உதிர்வதே நல்ல களி.

பெரும்பாலோர் இதில் தாராளமாக நெய் சேர்ப்பர். நெய் கொள்ளாதவர்கள் இரண்டு கரண்டித் தேங்காய் எண்ணெய் சேர்க்கலாம். அல்லது நீரில் ஒரு பங்கைக் குறைத்து அதற்கீடாகத் தேங்காய்ப் பால் ஊற்றலாம். சுவை வேறுபடும், குறைவதில்லை. மழைநாளில் சேந்தனார் வீட்டுக் களியில் நெய் இருந்திருக்க வழியும் இல்லை.

கூட்டின் நுட்பம்

கூட்டு அவ்வளவு எளிதன்று. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இயல்புடைய காய்களை ஒரே கலத்தில் சேர்ப்பதே அதன் அருமை. பரங்கி சில நிமிடங்களில் கரையும். சேனை மெல்லவே வேகும். காய்ந்த மொச்சையோ இரவு முழுதும் ஊறினாலன்றி இளகாது. அனைத்தையும் ஒன்றாகக் கொட்டினால் பாதி குழம்பாகவும் பாதி கல்லாகவும் முடியும்.

முதல் நாள் மாலையே காய்ந்த மொச்சை 50 கிராமை நீரில் இடவேண்டும். மறுநாள் ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்கு வேகவைத்து, அந்நீரையும் வடித்துவிடுதல் வேண்டும். அரைகுறையாக வெந்த மொச்சை வயிற்றுக்கு ஆகாது. துவரம்பருப்பு 100 கிராமைத் தனியே குழைய வேகவைக்கவேண்டும். பருப்பையும் பயறையும் புளிநீரில் இட்டு வேகவைக்க முயல்வது பலரும் செய்யும் பிழை. புளிப்புப் பட்டால் அவை வேகத் தாமதமாகும். ஆதலால் அவை முழுதும் வெந்த பின்னரே புளியோடு சேரவேண்டும்.

சேனைக்கும் சேப்பங்கிழங்குக்கும் இதற்கு நேர்மாறான விதி. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிபோன்ற படிகங்கள் உள்ளன. நாக்கும் தொண்டையும் அரிப்பது அவற்றால்தான். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும், நறுக்கிய துண்டுகளைப் புளிநீரில் கழுவுவதும், புளிநீரிலேயே வேகவைப்பதும் அதனைத் தணிக்கப் பெரியோர் கண்ட வழிகள். கிழங்கு நன்கு வேகவேண்டும் என்பதில் மட்டும் தளர்வு கூடாது. சேப்பங்கிழங்கைத் தோலோடு தனியே அவித்து உரித்து இறுதியில் சேர்த்தால் கூட்டு வழவழக்காது.

எஞ்சிய காய்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிராம். கடினமானவற்றைச் சிறிதாகவும் மென்மையானவற்றைப் பெரிதாகவும் நறுக்குவது கைதேர்ந்தவர்களின் வழக்கம். எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து, மஞ்சள்தூளும் உப்பும் இட்டு, முதலில் சேனை. அது பாதி வெந்ததும் வாழைக்காய், அவரை, கத்தரி. அவையும் இளகியதும் சர்க்கரைவள்ளி, பூசணி, கடைசியில் பரங்கி என வரிசையாகச் சேர்க்கவேண்டும். பரங்கியில் நான்கு துண்டுகளை மட்டும் தொடக்கத்திலேயே இட்டுவிடுவோர் உண்டு. அவை கரைந்து கூட்டுக்குத் திண்மையும் சிறு இனிப்பும் தரும்.

வறுத்து அரைப்பதற்கு மிளகாய் வற்றல் ஆறு, தனியா இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, பச்சரிசி ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் ஒரு சிறு கிண்ணம். இவற்றோடு எள் இரண்டு மேசைக்கரண்டி. எள்ளைத் தனியே வெறும் வாணலியில் வறுக்கவேண்டும். படபடவென வெடித்து அடங்கும் கணத்தில் இறக்காவிடில் கசந்துவிடும். தாளகத்துக்கு அதன் தனி மணத்தைத் தருவது இந்த எள்தான். எள் இல்லாத கூட்டு சாம்பாரின் உறவாக நின்றுவிடும். அரைத்த விழுதையும், வெந்த பருப்பையும், மொச்சையையும் காய்களோடு கூட்டி ஐந்தாறு கொதி வந்ததும், நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் கூட்டு நிறைவுறும்.

பெரிய கலம்

இனி, இக்கூட்டின் மற்றோர் இயல்பைக் கூறவேண்டும். இதனைச் சிறிய அளவில் செய்ய இயலாது. ஒரு கைப்பிடிக்குக் குறைந்து எந்தக் காயையும் நறுக்க முடியாது. ஏழு கைப்பிடியும், பருப்பும், மொச்சையும், அரைத்த விழுதும், நீரும் சேர்ந்தால் இரண்டு லிட்டர் பாத்திரம் நிரம்பி வழியும். கணவனும் மனைவியும் மட்டுமே உள்ள வீட்டில் இது ஒரு சுமையாகவே தோன்றும். இத்தனை காய் வாங்கி, இத்தனை நேரம் நறுக்கி, யார் உண்பது என்று பலர் இதனை விட்டுவிட்டனர். களியை மட்டும் கோயிலில் பெற்றுக்கொண்டு நோன்பை முடிப்போர் பெருகியதற்கு இதுவே காரணம்.

ஆனால் இக்கூட்டு ஒரு வீட்டுக்கு என்று ஏற்பட்டதன்று. கூட்டுக் குடும்பங்கள் இருந்த காலத்திலும் அண்டை அயலாருக்குக் கிண்ணங்கள் சென்றுகொண்டே இருந்தன. சென்ற கிண்ணம் வெறுமனே திரும்பாது. அந்த வீட்டுக் கூட்டோடு வரும். ஒரு தெருவில் பத்து வீட்டுத் தாளகமும் பத்துச் சுவை. திருவாதிரையில் ஒரு வாய்க் களியேனும் உண்ணாதவருக்கு நரகம் என்று அச்சுறுத்தும் பழமொழி ஒன்றும் வழங்குகிறது. அதனை உண்பவருக்குச் சொன்ன மிரட்டலாகக் கொள்வதைவிட, சமைப்பவருக்கு இட்ட கடமையாகக் கொள்வதே பொருத்தம். அந்த ஒரு வாய் கிட்டாதவர் ஒருவரும் தெருவில் இருத்தல் ஆகாது என்று கருதினால்தான் கலம் பெரிதாக இருக்கவேண்டிய காரணம் விளங்கும்.

இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதற்கு எளிய வழி உண்டு. ஏழு வீட்டார் கூடி வீட்டுக்கு ஒரு காய் என்று பிரித்துக்கொண்டால், ஒருவர் நறுக்கும் காய் ஒன்றுதான். மொச்சையை ஊறவைத்து வேகவைப்பவர் ஒருவர். மசாலா வறுத்து அரைப்பவர் ஒருவர். அடுப்பில் கூட்டுபவர் ஒருவர். சமையலறை நெடுநேரம் நிற்க இயலாத மூதாட்டிக்கும் அமர்ந்து அவரை ஆயும் பணி உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனித்து வாழும் முதியோர் பலர், ஒருவருக்காக ஏழு காய் எதற்கு என்று, முந்தைய நாள் மாலை முதல் நோன்பிருந்துவிட்டு ஒரு வாழைப்பழத்தோடும் பாலோடும் பாரணையை முடிப்பதுண்டு. அக்கதவைத் தட்டி ஒரு கிண்ணம் கொடுப்பதற்கு அழைப்பும் வேண்டியதில்லை, காரணமும் வேண்டியதில்லை. திருவாதிரை என்ற ஒரு சொல்லே போதும்.

கேரளத்துத் திருவாதிரை

இதே நாளைக் கேரளத்தில் தனு மாதத் திருவாதிரையாகப் பெண்கள் கொண்டாடுகின்றனர். அன்று அவர்கள் அரிசிச் சோறு கொள்வதில்லை. காச்சில், சேம்பு, சேனை, நேந்திரங்காய், கூர்க்கன் ஆகியவற்றோடு சிவப்புக் காராமணியைச் சேர்த்து வேகவைத்து, தேங்காய் அரைத்து ஊற்றிய திருவாதிரைப் புழுக்கே அவர்களுக்கு உணவு. கூர்க்கன் என்பது நெல்லைக்காரர்களின் சிறுகிழங்கேதான். முந்தைய நாளான மிருகசீரிடத்தின் இரவில் கிழங்குகளைச் சுட்டு வெல்லத்தோடு கலந்து படைக்கும் எட்டங்ஙாடி என்பதும் உண்டு. புளியும் எள்ளும் அங்கே இல்லை. தேங்காயின் ஆட்சி மிகுதி. எனினும் பனிக்காலக் கிழங்கும் பயறும் ஒரு கலத்தில் கூடுவது மலைக்கு இருபுறமும் ஒன்றாகவே இருக்கிறது.

உடலுக்கு உறுதி

அரிசியையும் பருப்பையும் நம் முன்னோர் இணைத்தே வைத்தனர். அரிசியில் புரதம் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம். பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம். அளவு மட்டுமன்று. புரதத்தின் கூறுகளுள் அரிசியில் குறைவானது பருப்பில் மிகுதி; பருப்பில் குறைவானது அரிசியிலும் எள்ளிலும் உண்டு. ஆதலால் களியும் கூட்டும் சேர்ந்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பரங்கியின் மஞ்சள் நிறச் சத்து உடலில் சேர எண்ணெய் வேண்டும். அது தாளிப்பில் கிடைத்துவிடுகிறது. பால் பொருள்களை ஆண்டு முழுதும் அறவே விலக்குவோர் மட்டும் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து காய்களிலும் பயறுகளிலும் கிடைப்பதில்லை. அதனை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பெறும் வழியை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

நீரிழிவு உடையோர் களியை ஒரு வாயளவில் நிறுத்திக்கொண்டு கூட்டை நிறைய உண்ணலாம். அதிலும் அவரை, மொச்சை, பூசணி மிகுதியாகவும் கிழங்கு குறைவாகவும் இருத்தல் நன்று. ஆனால் இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்வோர் வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு உணவை மட்டும் விடுத்து நோன்பிருப்பது ஆபத்தானது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, மயக்கமும் அதற்கு மேலும் நேரக்கூடும். நோன்புக்குச் சில நாள் முன்னரே மருத்துவரைக் கலந்து, மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளவோ நோன்பைத் தளர்த்திக்கொள்ளவோ வேண்டும். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால், பாரணை நேரம் வரட்டும் என்று காத்திராமல் உடனே சிறிது சர்க்கரையோ வெல்லமோ உட்கொள்ளவேண்டும். சிறுநீரக நோய் உடையோருக்கும் கிழங்கு, வாழைக்காய், பருப்பு ஆகியவற்றில் அளவு உண்டு. அவர்களும் மருத்துவரைக் கேட்பதே முறை.

தேங்காய் சேர்ந்த பண்டம் ஆதலால் கூட்டு எளிதில் ஊசிப்போகும். அன்று மாலைக்குள் வழங்கவேண்டியவர்களுக்கு வழங்கிவிடுவது நல்லது. அப்படியும் எஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் அடிகனத்த வாணலியில் இட்டு, சிறிது நல்லெண்ணெய் விட்டு, நீர் வற்றும்வரை சுண்டக் காய்ச்சுவர். காய்களின் உருவம் மறைந்து, எல்லாம் ஒன்றாகிக் கருஞ்சிவப்பாகத் திரண்டிருக்கும். திருவாதிரையன்று இலையில் பரிமாறிய கூட்டைவிட இதற்காகவே காத்திருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. நீரூற்றிய பழையதும் இதுவும் அமைந்தால் அந்தக் காலைக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. முந்தைய நாள் கிண்ணங்களும் அதற்குள் ஒவ்வொன்றாக வீடு திரும்பியிருக்கும்.